மச்சாள் பார்த்த ஆறு

கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த முதல் கிழமையிலேயே என் கணவரின் அக்கா என்னை நடுங்க வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்தாரில்லை. இருவரும் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்துகொண்டிருந்தோம். காலி வீதியில், மணல் மூட்டைகள் அடுக்கிய காவலரணுக்கு நேர் எதிரே வந்ததும் மச்சாள் நின்றார். கழுத்தைச் சற்று முன்னுக்கு நீட்டி, அண்ணாந்து, மின்கம்பியைப் பார்க்கத் தொடங்கினார். சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. காவலரணுக்குள் இருந்த பொடியன் துவக்கைத் தோள் மாற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தான். பிறகு அவனும் அண்ணாந்து கம்பியைப் பார்த்தான்.

"மச்சாள், வாங்கோ போவம்."

"பொறும் பிள்ளை. அது இப்ப திரும்பும்."

கம்பியில் ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படி எத்தனையோ கண்டிருக்கிறேன். அதன் நெஞ்சைப் பார்ப்பதற்காக ஓர் ஆமிக்காரனின் முன்னால் நிற்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியது. மீன்கொத்தி கடைசியில் திரும்பியது. மச்சாள் தலையை ஆட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நடந்தார்.

அன்று பின்னேரம் கணவரிடம் முறையிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அக்காவுக்கு அது ஒரு வருத்தம், மாறாத நோய்," என்றார். "எங்கட சனம் கொழும்பில நிண்டு பார்க்கிற காலமே இது? நிண்டால் ஏன் நிக்கிறாய் எண்டு கேப்பாங்கள். பார்த்தால் ஏன் பார்க்கிறாய் எண்டு கேப்பாங்கள். நான் சொல்லிக் களைச்சுப்போனன்."

மச்சாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் நிற்கிற நிலைதான் வருகிறது. உயரமான, மெலிந்த மனுசி. பருத்திச் சேலை, கறுப்புக் குடை, குதியால் தேய்ந்த செருப்பு. கொட்டாஞ்சேனையில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்து வேலை. மச்சாள் வேலைக்குப் போகிறார் என்றால் பஸ்தரிப்பில் நேரத்துக்கு நிற்பார், ஆனால் பஸ்சை விட்டுவிடுவார். வெள்ளவத்தைப் பாலத்தடிக் கால்வாயில் ஒரு கபரகொய்யா இருந்தது. ஆள் நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பெரிய உடும்பு மாதிரி. கால்வாயில் சாக்கடையும் பொலித்தீன் பையும்தான் ஓடும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடத்தில் மச்சாள் கைப்பிடிச் சுவரில் கையூன்றி, அது தண்ணீருக்குள் இறங்கும்வரை பார்ப்பார்.

மீன் சந்தையிலும் அப்படித்தான். மீன்காரன் அவரைக் கண்டதும், "நோனா, கன்னவாத, பலனவாத?" என்று கேட்பான். வாங்க வந்தாயா, பார்க்க வந்தாயா? மச்சாளுக்குக் கோபம் வராது. "தெக்கம," என்பார். இரண்டும்தான்.

கோயிலில் கண்ணை மூடமாட்டார். தீபம் காட்டும்போது சுற்றியிருக்கிற எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட, இவர் மட்டும் அகல விழித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "கண்ணை மூடினால் எப்பிடியப்பா பார்க்கிறது?" என்பார்.

அவருக்குக் கலியாணம் ஆகாமற் போனதற்கும் இந்தப் பார்வைதான் காரணம் என்று என் கணவர் சொல்வார். இளவயதில் ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்திருக்கிறார். தேத்தண்ணித் தட்டோடு வந்த மச்சாள் குனியாமல் அவரை நேராகப் பார்த்தாராம். அதுவே அந்த நாளில் பெரிய விஷயம். பிறகு அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தாராம். அங்கே ஒரு தையல்சிட்டு இலையை வளைத்துக் கூடு தைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தட்டு கையில், தேத்தண்ணி ஆற, மச்சாள் அசையவில்லை. வந்தவர்கள் போய், பெண்ணின் பார்வை சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மச்சாளிடம் இதைக் கேட்டபோது, "அந்த மனிசன் திரும்பிப் பார்த்திருந்தால் முடிச்சிருப்பன்," என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஆற்றுக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவர்களுடைய தகப்பன் மலையில், களனி ஆறு இறங்கி வருகிற பள்ளத்தாக்கில், மின்நிலைய வேலைத்தளம் ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். ஆற்றுக்கு மேலே சரிவில் அரசாங்க வீடு. தாய் எந்நேரமும் சுகமில்லாதவர். பக்கத்தில் விளையாட வேறு பிள்ளைகள் இல்லை. அதனால் மச்சாள் பதினைந்து வயதுவரை அந்த ஆற்றோடுதான் வளர்ந்தார். தகப்பனுக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்த பிறகு பிறந்தவர் என் கணவர். அக்காவுக்கும் தம்பிக்கும் அவ்வளவு வயது வித்தியாசம். என் கணவருக்கு ஆறு என்றால் பாலத்தில் போகும்போது பஸ் ஜன்னலால் தெரிகிற ஒன்று. மச்சாளுக்கு அப்படியில்லை. பெரும்பாலும் பறுவ நாளில் வருகிற ஒவ்வொரு போயா விடுமுறைக்கும் புறக்கோட்டையில் ஹற்றன் பஸ் ஏறி, கித்துல்கலவில் இறங்கி, பொழுதுபடமுன் திரும்பி வருவார். சுற்றிவளைப்பும் பஸ்சை நிறுத்தி இறக்கி ஏற்றுவதுமாக இருந்த வருஷங்களிலும் போனார். தனியே போகிறார் என்று கணவர் பதைத்தார். கடைசியில் என்னையும் கூட அனுப்புவது என்று முடிவானது. எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் போனேன்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கிணறு தெரியும், கடல் தெரியும். ஆறு தெரியாது. அவிசாவளை தாண்டி யட்டியாந்தோட்டைக்குப் பிறகு வீதியோரமாக அது தெரியத் தொடங்கியபோது, இவ்வளவு தண்ணீர் ஏன் இப்படிச் சும்மா ஓடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இறங்கியதும் தேத்தண்ணிக் கடைக்காரப் பெண் மச்சாளின் பையை உரிமையோடு வாங்கி உள்ளே வைத்தார். கடைக்குப் பின்னால் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மூங்கில் வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். கீழே போகப் போக வீதியின் சத்தம் மேலேயே நின்றுவிட்டது. ஆற்றின் சத்தம் மட்டும்.

மேல்பக்கத்தில் அது பாறைகளுக்கு நடுவே நெருக்குப்பட்டு, வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு வந்தது. எங்கள் முன்னால் ஒரு வளைவில் ஆறுதலடைந்து, ஆழமான பச்சைக் குளம் மாதிரி நின்று, பிறகு மறுபடியும் கற்களுக்கிடையில் விழுந்து ஓடியது. அக்கரையில் கரை தெரியாமல் காடு. மருதமரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு சாய்ந்து நின்றன. மச்சாள் ஒரு பாறையைக் காட்டினார். இருந்தோம்.

ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீர் போனது. பிறகும் தண்ணீர் போனது. அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறியது. கத்தினேன். மச்சாள் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தார். அவர் எனக்கு எதையும் காட்டவுமில்லை, சொல்லவுமில்லை. கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். எப்போது கோபம் போனது என்று தெரியாது. பார்த்தால், எங்கள் காலடி ஈரமணலில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து அடைந்திருந்தன. நீலமும் மஞ்சளுமாக, இறகை மூடித் திறந்து, மணலிலிருந்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தன. பச்சைக் குளத்தின் அடியில், நான் பாறை நிழல் என்று நினைத்திருந்த ஒன்று அசைந்தது. முழங்கை நீள மீன்கள், கூட்டமாக, எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து நீரோட்டத்தை எதிர்த்து நின்றன. அக்கரையில் ஒரு மரம் தானாகக் குலுங்கியது. கறுத்த உடம்பும் வெளிறிய தாடியுமாக மந்திகள் ஒவ்வொன்றாகக் கீழ்க்கொப்புக்கு இறங்கின. ஒன்று குட்டியை வயிற்றோடு அணைத்தபடி எங்களையே பார்த்தது. தலைக்கு மேலால் பெரிய அலகுள்ள இரண்டு சாம்பல் பறவைகள், இருவாய்ச்சிகள், சிறகால் காற்றை அறைந்துகொண்டு ஆற்றைக் கடந்தன. அந்தச் சிறகுச் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்சில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மச்சாள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடாமலே போனேன்.

கந்தோருக்குப் போகிற நாட்களில் அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்துக்குப் போவார். களனி ஆறு கடலில் விழுகிற இடம். மலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் அங்கே வரும்போது எண்ணெயும் குப்பையும் சுமந்து, தடித்து, களைத்துப்போய் வரும். மச்சாளுக்கு அருவருப்பில்லை. கரையில் நின்று அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு வருவார். இராச் சாப்பாட்டின்போது, "மலையில நல்ல மழை. தண்ணி சிவந்துபோய் வருது," என்பார். அயல்வீட்டுச் செய்தி சொல்வதுபோல இருக்கும். கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "அந்தப் பக்கம் ஹாபர், நேவிக்காரன் நிக்கிற இடம். போகாதையுங்கோ அக்கா," என்பார். மச்சாள், "நான் ஹாபரையே பார்க்கிறன்?" என்று கேட்பார்.

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் இயக்கத்தின் தாக்குதலில் எரிந்த நாட்களில்தான் அது நடந்தது. நகரத்துக்கு மேலே கறுப்புப் புகை கூரைபோல நின்றது. மத்தியானத்திலும் வெளிச்சம் அழுக்காக இருந்தது. எங்கள் ஒழுங்கையில் யாரும் தேவையில்லாமல் வெளியே இறங்கவில்லை. வேலைக்குப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய், குனிந்துகொண்டு வந்தார்கள். மச்சாளும் கந்தோருக்குப் போனார். திரும்பி வரவில்லை.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே அடுத்த நாளாகிவிட்டது. முகத்துவாரக் கரையில் சந்தேகத்துக்கிடமாக நின்றாராம். கையில் குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் தவிர வேறொன்றும் இல்லை. நின்றார், பார்த்தார், கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. அதுதான் குற்றம்.

எனக்கு அப்போது நாலு மாதம். வயிறு இன்னும் தெரியத் தொடங்கவில்லை. கணவரோடு நானும் பொலிஸ் நிலைய மரவாங்கில் காத்திருந்தேன். சில நாட்கள் அலைந்த பிறகு எங்களை அவரோடு கதைக்க விட்டார்கள். மச்சாளை யாரும் அடித்ததாகத் தெரியவில்லை. தலை வாரப்படாமல், சேலை கசங்கி, நிற்கிறபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறுப்பதிகாரி கோபக்காரராகத் தோன்றவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நானும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்," என்றார் சிங்களத்தில். "என்ன பார்த்தாய் என்றால் ஆறு என்கிறாள். நகரமே எரிகிறது. யாராவது நின்று ஆறு பார்ப்பார்களா?"

எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒரு வழி சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போகும்போது தலைசுற்றி நின்றுவிட்டதாகவும், ஒன்றையும் பார்க்கவில்லை என்றும் சொன்னால், வைத்தியத் துண்டு ஒன்றையும் கொடுத்து வெளியே எடுத்துவிடலாம். கணவர் இதைத் தாழ்ந்த குரலில் அக்காவிடம் சொன்னார்.

"எனக்குத் தலை சுத்தேல்லைத் தம்பி," என்றார் மச்சாள். "ஆறு பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"அக்கா, ஆறு எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"நம்பாட்டி நான் என்ன செய்ய?"

"இனி என்னையும் உள்ளுக்கை எடுப்பாங்கள். அண்டைக்கே என்ர அடையாள அட்டையை வாங்கி வைச்சுட்டாங்கள். இவள் தனிய நிப்பாள். இவள் இருக்கிற நிலை உங்களுக்குத் தெரியும்தானே?" கணவரின் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்தரம்.

மச்சாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குறை இருக்கவில்லை. பிறகு அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, தலைசுற்று என்றார். "மொக்குத் பெலுவே நே," என்றார். ஒன்றும் பார்க்கவில்லை. அதைத் தட்டெழுதி நீட்டினார்கள். வாழ்நாள் முழுக்கத் தட்டெழுதிய மனுசி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு மச்சாள் நிற்பதை விட்டுவிட்டார்.

இதை நான் உடனே கவனிக்கவில்லை. குளித்தார், சாப்பிட்டார், கந்தோருக்குப் போனார். சந்தைக்குப் போகும்போது ஒரு நாள் அவரைப் பிடிக்க நான் ஓடவேண்டியிருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி, விறுவிறென்று நடந்தார். பாலத்தடியில் கபரகொய்யா சுவரிலேயே ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "மச்சாள், இஞ்ச பாருங்கோ," என்றேன். அவர் காதில் விழாததுபோலப் போனார். மீன்காரனிடம் கையை நீட்டி ஏதோ ஒரு மீனைக் காட்டி வாங்கினார். போயாவுக்கு வீட்டில் இருந்தார். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டார்.

கணவருக்கு நிம்மதி. "இப்பத்தான் அக்கா கொழும்பில இருக்கிற ஆள் மாதிரி நடக்கிறா," என்றார். அவரையும் பிழை சொல்ல முடியாது. அக்காவை உயிரோடு வீட்டில் வைத்திருக்க ஆசைப்பட்ட மனிதர். ஆனால் எனக்கு வீட்டுக்குள் ஏதோ ஒரு மணிக்கூடு நின்றுபோனமாதிரி இருந்தது.

மச்சாள் இப்போது இல்லை. யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு, நாங்கள் வெளிநாட்டிலிருந்து போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். கூப்பிட்டும் அவர் எங்களோடு வந்து இருக்கவில்லை. கடைசியாக அவரைக் கவனித்துக்கொண்ட தாதி எங்களிடம் முறையிட்டார்: கட்டிலை ஜன்னல்பக்கம் திருப்பச் சொல்லிப் பெரிய கரைச்சல் கொடுத்தாராம், ஜன்னலுக்கு வெளியே இருந்தது மதிலும் ஒரு பப்பாசி மரமும்தானாம். அந்தப் பப்பாசியில் என்ன வந்திருந்தது என்று கேட்டேன். அந்தத் தாதிக்கு என் கேள்வி விளங்கவில்லை.

ஆக, அவர் மறுபடியும் பார்க்கத் தொடங்கினார். எப்படித் தொடங்கினார் என்பதைத்தான் சொல்லவேண்டும்.

எனக்கு ஏழாம் மாதம். ஒரு போயா அன்று காலை, ஆற்றுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். கணவர் துள்ளினார். "இந்த வயித்தோடையோ? விசரே உமக்கு?" மச்சாள் வேண்டாம் என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். பின்னால் குடையோடு மச்சாள் வந்தார். என்னைத் தனியே விட அவருக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

கித்துல்கலவில் அந்தப் பாதையில் என்னை அங்குலம் அங்குலமாக இறக்கினார். கடைக்காரப் பெண்ணும் ஒரு கை பிடித்தார். வழமையான பாறையில் என்னை இருத்தி, தானும் இருந்தார். ஆனால் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, நாங்கள் இறங்கி வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல.

மேலே மழை பெய்திருக்கவேண்டும். வெள்ளைத் தண்ணீரில் லேசான மண்நிறம் கலந்திருந்தது. குளிர்ந்த காற்று நுரையின் மணத்தோடு வந்தது. பேசாமலிருக்க முடியாமல் கண்டதை வாயால் சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஒன்றுக்கும் பெயர் தெரியாது.

"மச்சாள், காகம் ஒண்டு தண்ணிக்குள்ள விழுந்திட்டுது."

மச்சாள் குடையை மடியில் இழுத்து வைத்தார்.

"ஐயோ, தாண்டுபோச்சு. மேல வரேல்லை."

"அது காகமில்லை," என்றார் திரும்பாமலே. "நீர்க்காகம். விழேல்லை, மூழ்கினது. அங்கால வரும்."

வந்தது. அலகில் மீன் துடித்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பொலிஸ் நிலையத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவருமே அவரிடம் கேட்கவில்லை. கண்டதைச் சொல்லாமலிருக்கத்தான் நாங்கள் அவரைப் பழக்கினோம்.

"மச்சாள், அண்டைக்கு முகத்துவாரத்தில என்ன பார்த்தனீங்கள்?"

அவர் தோள்கள் ஒடுங்கின. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். பாதையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மரம் ஒண்டு வந்தது பிள்ளை. முழு மரம். வேரெல்லாம் மேல நிக்க, பச்சை இலையோட. வெள்ளத்தில மலையிலயிருந்து இழுபட்டு வந்திருக்கு. அந்தப் புகைக்குள்ளால, மெல்ல மெல்லக் கடலுக்குப் போகுது."

"ம்."

"அதில ஒரு அணில். வீட்டு அணில் இல்லை. மலை அணில். இவ்வளவு பெரிசு, சடை வால். இந்தக் காட்டில கொப்புக்குக் கொப்பு பாயுமே, அது. மரத்தோடயே வந்திட்டுது. அங்கயும் இஞ்சயும் ஓடுது. கரைக்குக் கிட்ட வரேக்க நுனிக்கொப்புக்கு வந்து குந்தி நிண்டு அளக்குது. பாய்வமோ விடுவமோ எண்டு. நான் பாய், பாய் எண்டு மனசுக்குள்ள கத்திக்கொண்டு நிக்கிறன். அவங்கள் கூப்பிட்டது எனக்குக் கேக்கவேயில்லை."

"பாய்ஞ்சுதோ?"

மச்சாள் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"தெரியாதே. அவங்கள் தோளில பிடிச்சு என்னைத் திருப்பிப்போட்டாங்கள். பிறகு நான் பார்க்கேல்லை. நான் எதைச் சொல்ல? அணில் எண்டு சொல்ல ஏலுமோ அந்த இடத்தில? ஆறு எண்டு சொன்னன். கடைசியில அதையும் இல்லையெண்டு சொன்னன்."

அவர் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்தேன். உள்ளே பிள்ளை புரண்டது. அதைக் காட்டுவதற்காகக் கையை வைக்கவில்லை, எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு காலைத் தூக்கிப் பாறையில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்க்க இருந்தார்.

வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியது. பஸ் நேரம் என் நெஞ்சை அரித்தது. போவோமா என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இரும். நாங்கள் வந்தது அதுகளுக்குத் தெரியும். போகமாட்டம் எண்டு தெரிஞ்சாத்தான் வெளியில வரும்."

அதுகள் என்றால் எவை என்று நான் கேட்கவில்லை. பச்சைக் குளத்தின் மறுகரையில் மருதவேர்களுக்கடியில் தண்ணீர் கோடு கிழித்தது. ஒரு தலை. தட்டையான, மீசை வைத்த, நனைந்த மண்ணிறத் தலை. பிறகு இன்னும் இரண்டு சின்னத் தலைகள். நீர்நாய்கள். தாய் முதுகை வளைத்து மூழ்கியது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, கீச்சிட்டு, தாய் எங்கே வரும் என்று வெவ்வேறு பக்கம் பார்த்தன. தாய் எங்கள் பக்கமாக, கல்லெறி தூரம்கூட இல்லை, மீனோடு வந்து பாறையில் ஏறி, முன்கால்களால் பிடித்துத் தலையிலிருந்து கடிக்கத் தொடங்கியது. முள் நொறுங்குவது கேட்டது. குட்டிகள் நீந்தி வந்து பங்கு கேட்டன. மச்சாள் மூச்சு விடுகிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கழுத்தைச் சற்று முன்னுக்கு நீட்டியபடி, கண் கொட்டாமல், முழுதாகப் பார்த்தார். மீன் முடிந்து, மூன்றும் தண்ணீரில் வழுக்கி, வளைவுக்கு அப்பால் மறையும்வரை அசையவில்லை.

நாங்கள் வழமையான பஸ்சை விட்டுவிட்டோம். அடுத்ததில்தான் வந்தோம்.

கொழும்புக்குள் நுழையுமுன் பஸ்சை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். தமிழ்ப் பெயர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின. எங்களிருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிய பொடியன் என் வயிற்றையும், மச்சாளின் சேலைக்கரையில் காய்ந்த மண்ணையும் பார்த்தான்.

"கொஹெத கியே?" எங்கே போனீர்கள்?

"கித்துல்கல."

"மொகட்டத?" எதற்கு?

நான் முந்திக்கொள்ள வாயைத் திறந்தேன். சொந்தக்காரர் வீடு, சுகமில்லாத பெரியம்மா, எல்லாம் பஸ்சிலேயே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன்.

"கங்க பலன்ன," என்றார் மச்சாள். ஆறு பார்க்க.

பொடியன் நிமிர்ந்தான். "கங்க பலன்ன விதரத?" ஆறு பார்க்க மட்டுமா?

"ஔ," என்றார் மச்சாள். "கங்க பலன்ன விதரய்."

அவன் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னால் நின்ற இன்னொருவனைப் பார்த்தான். அவன் வேறு யாரோடோ மினக்கெட்டுக்கொண்டிருந்தான். மச்சாள் குனியாமல் நின்றார். பொடியன் அட்டைகளை நீட்டினான்.

"ஹரி. யன்ன." சரி, போ.

ஏறி இருந்தோம். பஸ் புறப்பட்டு, பாதையின் விளக்குகள் பின்னால் போகத் தொடங்கிய பிறகுதான் மச்சாளின் கை நடுங்க ஆரம்பித்தது. அது நிற்கவில்லை. மற்றக் கையால் அழுத்திப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் என் மடிக்குக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளவத்தையில் இறங்கும்வரை நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.